மாப்பிள்ளை மோதிரம்: தங்கமா, பிளாட்டினமா, வேறு ஏதாவதா?

கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை மோதிரம் என்று வந்தாலே அடுத்த கேள்வி எத்தனை கிராம் என்பதுதான். முக்கால் பவுனா, ஒரு பவுனா, இரண்டு வீட்டாருக்கும் சம்மதமா என்று கேட்டு, அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். அதைப் போட்டுக்கொண்டு இன்னும் நாற்பது வருஷம் வண்டி ஓட்டப் போகிறவரிடம், சோறு பிசையப் போகிறவரிடம், ஸ்பானர் பிடிக்கப் போகிறவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அதனால்தான் பெரிய கல்லும் பூவேலையும் வைத்த மோதிரம் மறுவீடு முடிந்ததும் பீரோவுக்குள் போய்விடுகிறது, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு மட்டும் வெளியே வருகிறது. சேமிப்பாக இருக்கட்டும், பீரோவில் வைக்கத்தான் வாங்குகிறோம் என்றால் அது வேறு கணக்கு, அதையும் சொல்கிறேன். ஆனால் தினமும் கையில் கிடக்க வேண்டிய மோதிரம் என்றால் எந்த உலோகம் என்பதைத்தான் முதலில் பேச வேண்டும், கிராம் கணக்கு தானாகப் பின்னால் வரும்.

எந்த உலோகமானாலும் நான் இரண்டு விஷயத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அந்தக் கை தினமும் என்ன வேலை செய்கிறது என்பது ஒன்று. பத்து வருஷம் கழித்து விரல் பருத்தாலோ, ஒருநாள் திடீரென்று விரல் வீங்கினாலோ, நம் ஊரில் இருக்கும் ஒருவரால் அந்த மோதிரத்தை வெட்டவோ பெரிதாக்கவோ முடியுமா என்பது இன்னொன்று. நிறம், பளபளப்பு, விலை எல்லாம் அதற்கு அப்புறம்.

விலையைப் பற்றிப் பேசும் முன் எடையைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். உள்விட்டம் 19.5 மில்லிமீட்டர், அகலம் 4, தடிமன் 1.8, வேலைப்பாடு எதுவும் இல்லாத தட்டையான வளையம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரளவு தடிமனான விரலுள்ள ஆணுக்கு நன்றாகப் பொருந்தும் அளவு இது. 22 காரட்டில் செய்தால் ஏறத்தாழ எட்டரை கிராம், ஒரு பவுனுக்குக் கொஞ்சம் மேல். 18 காரட்டில் அதே வளையம் ஏழரை கிராம். பிளாட்டினத்தில் 10 கிராம். வெள்ளியில் 5, ஸ்டீலில் 4-க்குக் கொஞ்சம் குறைவு, டங்ஸ்டன் கார்பைடில் 7, டைட்டானியத்தில் 2 கிராமுக்குச் சற்று மேல். அளவு ஒன்றுதான், அடர்த்திதான் வேறு. ஆகவே ஒரு கிராம் பிளாட்டினம் இவ்வளவு, ஒரு கிராம் தங்கம் இவ்வளவு என்று கடைப் பலகையில் இருக்கும் விலையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் கணக்கு தப்பாகும். முழு மோதிரம் எவ்வளவு ஆகும் என்று கேட்டு ஒப்பிடுங்கள்.

சரி, 22 காரட்டில் தொடங்குவோம். நம் ஊரில் தங்கம் என்றால் இதுதான், 916. நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம், மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். நம் தோல் நிறத்துக்கு அந்த மஞ்சள் எப்படி எடுபடும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. துருப்பிடிக்காது, கறுக்காது, தோலில் அரிப்பு வருவது மிக அரிது. ஓரளவு பெரிய கடைத்தெரு உள்ள எந்த ஊரிலும் ஒரு பத்தர் பட்டறை இருக்கும். மோதிரத்தைப் பெரிதாக்க, சிறிதாக்க, விட்டுப்போனால் பற்றவைக்க, பிற்காலத்தில் உருக்கி மகனுக்கு வேறொன்றாகச் செய்ய எங்கும் அலைய வேண்டாம். பணமுடை வந்தால் அடகு வைக்கலாம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கையில் கிடந்த மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கட்டிய குடும்பங்கள் நம் தெருவிலேயே உண்டு, அந்த வசதி வேறு எந்த உலோகத்துக்கும் இந்த அளவுக்குக் கிடையாது.

குறை என்னவென்றால் அது மெத்தென்று இருக்கும். பைக் ஹேண்டில்பாரைத் தினமும் ஒரு மணி நேரம் பிடிக்கிற கையில் 22 காரட் மோதிரம் மெல்ல மெல்ல வட்டம் கெட்டு நீள்வட்டமாகும். உள்ளங்கைப் பக்கம் தேய்ந்துகொண்டே வரும், தாத்தா காலத்து மோதிரம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், மேலே தடிமனாகவும் கீழே கம்பி போலவும் இருக்கும். மேலே இருக்கும் பூவேலை முதலில் மழுங்கும். கல் வைத்திருந்தால் அதைப் பிடித்திருக்கும் கொக்கிகள் தேய்ந்து, ஒருநாள் துணி மாட்டி இழுக்கும்போது கல் போய்விடும். எடை குறைவாகவும் பார்க்கப் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்று உள்ளே கூடாகச் செய்யும் மோதிரங்கள் இன்னும் மோசம், நசுங்கினால் திரும்ப எடுக்க முடியாது. ஆண் தினமும் போடுவதற்கு 22 காரட்தான் என்று முடிவு செய்தால் கெட்டியாக, வேலைப்பாடு இல்லாமல் வாங்குங்கள். கடையில் கேட்க வேண்டிய கேள்வி, "இது கெட்டியா, உள்ளே கூடா?"

வேலைப்பாடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு இன்னும் இரண்டு காரணம் இருக்கிறது. நம்மில் நிறைய ஆண்கள் மோதிரம் போடுவது வலது கையில், சாப்பிடுவதும் அதே கையால். குழம்பும் நெய்யும் மஞ்சளும் பூவேலையின் இடுக்கில், கல்லுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது, அந்த இடத்தில் ஈரம் தங்கித் தோல் வெளுத்து அரிக்கும். இரண்டாவது, சேதாரம். வேலை கூடக் கூடச் சேதாரமும் செய்கூலியும் ஏறும். பழைய மோதிரத்தைத் திருப்பிப் போடும்போது சேதாரம், செய்கூலி, அவற்றின் மேல் கட்டிய 3 சதவீத ஜி.எஸ்.டி. எதுவும் திரும்பி வராது, எடைக்குத் தங்கம் மட்டும்தான் கணக்கு. சேமிப்புக்காக வாங்குகிறோம் என்பவர்கள் இதனாலேயே பூவேலை மோதிரத்தை ஒதுக்க வேண்டும்.

அடுத்தது 18 காரட், 750. வீட்டுப் பெரியவர்கள் "அதில் தங்கமே இல்லையே" என்பார்கள். இருக்கிறது, முக்கால் பங்கு. மீதிக் கால் பங்கு செம்பும் வெள்ளியும் சேர்வதால் அது 22 காரட்டைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கடினமாகிறது, அந்தக் கடினம்தான் நமக்கு வேண்டியது. மேலே சொன்ன அதே வளையத்தில் 22 காரட் என்றால் 7.8 கிராம் சுத்தத் தங்கம் போகும், 18 காரட் என்றால் 5.6 கிராம்தான். கண்ணுக்கு ஒரே பருமன், தங்கச் செலவு கால் பங்குக்கும் மேல் குறைவு. நிறம் கொஞ்சம் வெளிர் மஞ்சள், பக்கத்தில் 22 காரட்டை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். செம்பைக் கூட்டிச் செய்தால் ரோஸ் கோல்டு என்ற சிவந்த நிறம், சிலருக்கு வியர்வையில் விரலில் லேசாகக் கறை விடும், மற்றபடி உறுதியானது.

18 காரட்டின் உண்மையான பிரச்சினை கடையில்தான் இருக்கிறது. பெரிய ஊர்க் கடைகளில் கிடைக்கும், சின்ன ஊரில் மஞ்சள் 18 காரட் சாதா வளையம் கேட்டால் வைரப் பிரிவுக்கு அனுப்புவார்கள், அல்லது ஆர்டர் கொடுங்கள் என்பார்கள். ஆர்டர் கொடுப்பதில் தவறில்லை. திருப்பி வாங்கும்போது 750-க்கு உரிய முழு மதிப்பு தருவார்களா என்று வாங்கும் அன்றே கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். அளவு மாற்றக் கொடுக்கும்போது பத்தரிடம் இது 18 காரட் என்று சொல்லிக் கொடுங்கள், 22-க்கு வைக்கும் பொடியை வைத்துப் பற்றவைத்தால் ஒட்டுப்போட்ட இடம் நிறம் மாறித் தெரியும். இவ்வளவுதான். தினமும் கையில் கிடக்க, ஊரிலேயே சரிசெய்ய, தேவைப்பட்டால் விற்க, மூன்றுக்கும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலான ஆண்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: கெட்டியான, ஓரம் மழுங்கிய, 18 காரட் மஞ்சள் தங்க வளையம். 14 காரட் இன்னும் கடினம், இன்னும் மலிவு, ஆனால் நம் பக்கம் விற்கப் போனால் பேரம் பேசவே பாடுபட வேண்டும், அதற்கு 18-லேயே எடையைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஒயிட் கோல்டை ஆண்களின் தினசரி மோதிரத்துக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன். அந்த வெள்ளிப் பளபளப்பில் பெரும்பகுதி மேலே ஏற்றிய ரோடியம் என்ற வெள்ளை உலோகப் பூச்சு. வேலை செய்யும் கையில் ஓரிரு வருஷத்தில் ஓரங்களில் தேய்ந்து அடியில் இருக்கும் மங்கலான மஞ்சள் எட்டிப் பார்க்கும், திரும்பத் திரும்ப பூச்சு ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சில ஒயிட் கோல்டில் நிக்கல் கலந்திருக்கும், நிக்கல் ஒத்துக்கொள்ளாத தோல் உள்ளவர்களுக்குச் சிவந்து தடித்துவிடும். வெள்ளை நிறம்தான் வேண்டும் என்றால் உள்ளும் புறமும் வெள்ளையாக இருக்கிற உலோகத்துக்கே போய்விடலாம்.

அதாவது பிளாட்டினம். நகைக்கு வருவது 950, நூற்றுக்கு 95 பங்கு பிளாட்டினம். கையில் வைத்ததுமே கனம் தெரியும், அந்தக் கனமே பிடித்துப்போய் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். பூச்சு இல்லை, நிறம் மாறாது, தோலுக்கு ஒன்றும் செய்யாது. கீறல் விழும், அதைக் கடைக்காரர்கள் அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் தங்கத்தில் கீறல் விழுந்தால் பொடிப்பொடியாகத் தங்கம் போகிறது, பிளாட்டினத்தில் உலோகம் பக்கத்தில் ஒதுங்குகிறதே தவிர பெரிதாகக் குறைவதில்லை. நாளாக நாளாகப் பளபளப்பு போய் ஒரு சாம்பல் மெருகு வரும். சிலருக்கு அது பிடிக்கும், பிடிக்காதவர்கள் பாலிஷ் போட்டுக்கொள்ளலாம்.

விலை விஷயத்தில் பிளாட்டினம் தங்கத்தைவிட உயர்ந்தது என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. ஒரு காலத்தில் உண்மை. 2008 மார்ச்சில் உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் பிளாட்டினம் 2,000 டாலரைத் தாண்டி நின்றபோது தங்கம் 1,000 டாலரைத் தொட்டுக்கொண்டிருந்தது. 2015-க்குப் பிறகு தலைகீழாகிவிட்டது, தங்கம் மேலே போய்விட்டது. பிளாட்டினத்தின் பெரும்பங்கு கார்களின் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகளுக்குப் போகிறது, அதனால் அதன் விலை கார்த் தொழிலின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து ஆடும், நம் கல்யாண சீசனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சேமிப்பு என்று நினைத்து யாரும் பிளாட்டினம் வாங்க வேண்டாம். செய்கூலி அதிகம், விற்கும்போது பிடித்தம் அதிகம், பெரும்பாலும் வாங்கிய கடையிலேயேதான் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும், அடகுக் கடையில் வாங்கமாட்டார்கள்.

பழுது பார்ப்பதும் அப்படித்தான். தங்கம் 1,064 டிகிரி செல்சியஸில் உருகும், பிளாட்டினம் உருக 1,768 டிகிரி வேண்டும். நம் பத்தர் ஊதும் தீயில் அது அசையாது. தங்க வேலைக்கு வைத்திருக்கும் அரத்தையும் குறட்டையும் வைத்து வேலை செய்தால் தங்கத் துகள் ஒட்டிக்கொண்டு சூடாக்கும்போது பிளாட்டினம் கெட்டுப்போகும், அதற்கென்று தனிப் பட்டறை வேண்டும். அளவு மாற்ற சென்னைக்கோ கோவைக்கோ அனுப்பி இரண்டு மூன்று வாரம் காத்திருக்க உங்களுக்குச் சம்மதமா என்று பாருங்கள். சம்மதம், பணமும் இருக்கிறது, மோதிரத்தை ஒருநாளும் கழற்றப் போவதில்லை என்றால் பிளாட்டினம் மிக நல்ல உலோகம், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

வெள்ளியை நம்மவர்கள் மோதிரம் என்ற கணக்கிலேயே எடுப்பதில்லை, அது சரியில்லை என்று நினைக்கிறேன். முஸ்லிம் ஆண்கள் மார்க்கப்படி தங்கம் அணிவதில்லை, வெள்ளி மோதிரம்தான் வழக்கம். வசதி உள்ள சில வீடுகளில் இப்போது பிளாட்டினம் எடுக்கிறார்கள். அவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கடையில் "ஒயிட் கோல்டு, பார்க்க வெள்ளி மாதிரியே இருக்கும்" என்று காட்டுவது முக்கால் பங்கு தங்கம், நிறம்தான் வெள்ளை. வாங்கும் முன் உலோகத்தின் பெயரைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வெள்ளியில் 92.5 என்பது நகைக்கு நல்ல தரம், சுத்த வெள்ளி மோதிரத்துக்கு மிக மென்மை. காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகத்தால் கறுக்கும், ஆனால் தினமும் போட்டிருந்தால் உரசி உரசி அவ்வளவாகக் கறுக்காது, கழற்றி வைத்தால்தான் கறுக்கும். தேயும், வளையும், சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும், அந்தச் செலவு பெரிதல்ல. கல்யாணச் செலவு கழுத்தை நெரிக்கும்போது கெட்டியான ஒரு வெள்ளி வளையம் போட்டுக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை.

இப்போது இணையத்தில் இளைஞர்கள் அதிகம் பார்ப்பது டைட்டானியமும் டங்ஸ்டனும். கறுப்பு நிறம், நீல ஓரம், தங்கத்தோடு பார்த்தால் விலையும் ஒன்றுமே இல்லை. டைட்டானியம் உடலுக்குள் வைக்கும் எலும்புத் தகடுகளுக்கும் பல் திருகுகளுக்கும் பயன்படுகிற உலோகம், தோலுக்கு இதைவிடப் பாதுகாப்பானது தேடினாலும் கிடைக்காது. போட்டிருப்பதே தெரியாத அளவுக்கு லேசு. உப்புத் தண்ணீர், வியர்வை எதற்கும் அசையாது. ஆனால் சாதாரணப் பட்டறையில் பற்றவைக்க முடியாது, அளவு மாற்றுவது கொஞ்சம் நீட்டுவதோடு சரி, விரல் பருத்தால் புதிதுதான்.

டங்ஸ்டன் என்று விற்பது சுத்த டங்ஸ்டன் அல்ல, டங்ஸ்டன் கார்பைடு. கோவைப் பக்கம் லேத் பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும், கார்பைடு டிப் என்று இரும்பைக் கடைய அவர்கள் தினமும் கையில் எடுக்கிற அதே வகைப் பொருள். எஃகு கீறாது, சாவி கீறாது, பத்து வருஷம் கழித்தும் பளபளப்பு அப்படியே இருக்கும். ஆனால் அவ்வளவு கடினமானது வளையாது, டைல்ஸ் தரையில் ஓங்கி விழுந்தால் இரண்டாக உடையலாம். அளவு மாற்ற வழியே இல்லை. திருப்பி விற்றால் எதுவும் வராது. மலிவானவற்றில் கார்பைடு துகள்களை ஒன்றாகப் பிணைக்கக் கோபால்ட் பயன்படுத்துவார்கள், அது வியர்வையில் கறுத்துத் தோலைக் கெடுக்கும், கோபால்ட்டுக்குப் பதில் நிக்கல் சேர்த்துச் செய்ததா என்று கேட்டு வாங்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் நான் முதலில் சொன்ன விரல் வீக்கம் வருகிறது, இதை யாரும் கடைக்குப் போகும்போது நினைப்பதில்லை. விரல் வீங்க எத்தனையோ காரணம் உண்டு, குளவி கொட்டினாலும் வீங்கும், கை முறிந்தாலும் வீங்கும். வயலில் வேலை செய்கிறவர்களுக்குப் பாம்புக் கடி. கடிபட்டவுடன் அந்தக் கையில் உள்ள மோதிரம், வளையம், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வது முதலுதவியின் முக்கியமான பாடம், ஏனென்றால் வீக்கம் ஏறியபின் மோதிரம் விரலுக்கு ரத்தம் போவதை நிறுத்திவிடும். நூலைச் சுற்றி வீக்கத்தை அமுக்கிக் கழற்றும் முறை ஒன்று இருக்கிறது, அது பலிக்காவிட்டால் வெட்டத்தான் வேண்டும். தங்கம், வெள்ளி இரண்டையும் எந்த ஆஸ்பத்திரியிலும் சின்ன வெட்டுக்கருவியால் ஒரு சில நிமிடத்தில் வெட்டிவிடுவார்கள், பிளாட்டினத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். டைட்டானியத்துக்கு நல்ல பிளேடும் பொறுமையும் வேண்டும், சூடாகாமல் தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும். டங்ஸ்டன் கார்பைடை வெட்டவே முடியாது, லாக்கிங் பிளையரால் வெளியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் தெறித்து உடையும். தெரிந்தவருக்கு அது சுலபம், தெரியாத இடத்தில் ரம்பத்தை வைத்து நேரத்தை வீணாக்குவார்கள். டங்ஸ்டன் போடுகிறவர் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

எந்த உலோகமும் ஆகாத கைகளும் இருக்கின்றன. லேத், தறி, கன்வேயர் என்று சுழலும் இயந்திரத்தில் வேலை செய்கிறவர்கள், லாரியிலிருந்து குதித்து இறங்குகிறவர்கள், வலையும் கயிறும் இழுக்கிற மீனவர்கள். மோதிரம் எதிலாவது மாட்டி உடல் எடையோ இயந்திரமோ இழுத்தால் விரலின் தோலும் சதையும் சேர்ந்து உரிந்துவிடும். பட்டறையில் மட்டும் நடப்பதில்லை இது. 2015-இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜிம்மி ஃபாலன் தன் வீட்டிலேயே கால் தடுக்கி விழுந்தபோது கல்யாண மோதிரம் மேசையில் மாட்டி விரலே போகும் நிலைக்கு வந்து பல மணி நேர அறுவை சிகிச்சையில் காப்பாற்றினார்கள். எலக்ட்ரீஷியனுக்கும் கார் மெக்கானிக்குக்கும் இன்னொரு ஆபத்து, பேட்டரி முனைக்கும் பாடிக்கும் நடுவில் மோதிரம் பட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். இவர்களெல்லாம் வேலை நேரத்தில் கழற்றியே ஆக வேண்டும். வெறும் விரல் மனசுக்குச் சங்கடமாக இருந்தால் ரப்பர் போன்ற சிலிகோன் வளையம் கிடைக்கிறது, சில நூறு ரூபாய், இழுத்தால் அறுந்து விழும், மின்சாரம் கடத்தாது. தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரை ஊர்களில் கிறிஸ்தவக் கோயிலில் மோதிரம் மாற்றித் திருமணம் செய்தவர்கள் நிறையப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். மந்திரித்த மோதிரத்தைக் கழற்ற மனம் வராது என்பது எனக்குப் புரிகிறது. கழுத்தில் ஜெபமாலையோடு சேர்த்துக் கோத்துக்கொள்ளலாம், விரல் மிஞ்ச வேண்டும்.

ஸ்டீல் மோதிரம் உறுதியானது, மலிவு, 316எல் என்ற தரம் நல்லது, வேறு பெரிதாகச் சொல்ல இல்லை. ஐம்பொன் மோதிரம் நம்பிக்கைக்காகப் போடுகிறவர்கள் போடட்டும், ஆனால் அதில் எந்த உலோகம் எவ்வளவு என்று பார்க்க ஹால்மார்க் கிடையாது, செம்பு கூடுதலாக இருந்தால் விரல் பச்சையாகும். கல்யாண மோதிரத்துக்கு அதை எடுக்க மாட்டேன்.

இனி பணம். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குப் போடுவது என்ற வழக்கத்தில் கிராம் கணக்கு மரியாதைக் கணக்காகிவிட்டது, ஒரு பவுனுக்குக் குறைந்தால் சபையில் தலைகுனிவு என்று கடன் வாங்குகிறார்கள். இதை மாற்ற முடிந்தவர் ஒருவர்தான், மாப்பிள்ளை. "எனக்கு 3 மில்லிமீட்டர் அகலத்தில் கெட்டி வளையம் போதும்" என்று அவர் வாய் திறந்து சொன்னால் பேச்சு முடிந்தது. 3 மில்லிமீட்டர் அகலம், 1.4 தடிமன் என்றால் 18 காரட்டில் 4 கிராமுக்குக் கொஞ்சம் மேல் வரும், அரைப் பவுன் கணக்கு. ஆணின் விரலில் அது சிறிதாகத் தெரியாது, முக்கியமாக அவர் அதைத் தினமும் போட்டிருப்பார். பீரோவில் கிடக்கும் ஒன்றரைப் பவுனைவிட இது அந்தப் பெண்ணுக்கும் சந்தோஷம் தரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குடும்பத்துக்குச் சேமிப்பாகத் தங்கம் வேண்டும் என்றால் தங்க நாணயமாக எடுத்து வையுங்கள், செய்கூலி குறையும், விரலில் தேயாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை. இந்தியாவில் தங்க நகைக்கு ஹால்மார்க் 2021 ஜூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயமானது, 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும், ஆறு குறிகள் கொண்ட எச்.யு.ஐ.டி. எண் இல்லாமல் விற்கக் கூடாது. மோதிரத்தின் உள்பக்கம் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.-இன் முத்திரை, 22கே916 அல்லது 18கே750, அந்த எண், மூன்றும் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் எண்ணைப் போட்டால் என்ன நகை, என்ன தரம் என்று காட்டும், கடையில் நிற்கும்போதே பார்த்துவிடுங்கள். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு இந்தக் கட்டாயம் இல்லை, ரொம்ப லேசான மோதிரம் எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பிளாட்டினத்துக்கு உள்ளே 950 முத்திரையும், கூடவே தரச் சான்று அட்டையும் கேட்டு வாங்குங்கள். பில்லில் தரம், நிகர எடை, கல் இருந்தால் கல்லின் எடை தனியாக, சேதாரம், செய்கூலி எல்லாம் பிரித்து எழுதியிருக்க வேண்டும்.

அளவு எடுக்க மாப்பிள்ளையையே கடைக்கு அழைத்துப் போங்கள், பழைய மோதிரத்தைக் கொடுத்தனுப்ப வேண்டாம். எந்தக் கையில் போடப் போகிறாரோ அந்தக் கை விரலிலேயே அளக்க வேண்டும், வலது கை விரல் பெரும்பாலும் இடது கையைவிடக் கொஞ்சம் பருமன். சாயங்காலம் அளப்பது நல்லது, காலையில் விரல் சுருங்கியிருக்கும், கடை ஏசியில் அரை மணி உட்கார்ந்தாலும் சுருங்கும். சித்திரை வெயிலில் பொருந்துவதுதான் சரியான அளவு, மார்கழியில் கொஞ்சம் தளர்ந்தால் பரவாயில்லை, மூட்டைத் தாண்டி விழாமல் இருந்தால் போதும். அகலமான வளையம் அதே அளவில் இறுக்கமாகத் தெரியும், 6 மில்லிமீட்டர் வளையம் எடுப்பவர் 3 மில்லிமீட்டர் வளையத்தைப் போட்டுப் பார்த்து அளவு சொல்லக் கூடாது. தங்கத்தில் அரை அளவு தவறினால் பத்தர் சரிசெய்துவிடுவார். டைட்டானியமோ டங்ஸ்டனோ என்றால் மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்று பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.